புதுப்பிப்பு: கிளை அலுவலக விபிஎன்-இல் பெரிய கோப்புகள் நின்றுபோன சிக்கல் தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: தலைமை அலுவலகத்தையும் மூன்று கிளைகளையும் வயர்கார்டு என்ற மென்பொருளின் விபிஎன் (இணையத்தின் மேல் போடும் மறைகுறியாக்கிய தனி இணைப்பு) வழியாக இணைத்தோம், பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது.

எம்டியு அளவுதான், அதாவது ஒரு பாக்கெட் (தரவுப் பொட்டலம்) அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஐபிவி4-இல் (பழைய இணைய முகவரி முறை) 60 பைட், ஐபிவி6-இல் (புதியது) 80 பைட் சேர்க்கும். அதனால்தான் 1500-இல் 80 கழித்து அதன் வழக்கமான எம்டியு 1420. எங்கள் ரௌட்டர்களில் யாரோ அதை 1500 என்று மாற்றியிருந்தார்கள். முழு அளவு பாக்கெட் 1560 பைட்டாகி இரண்டு துண்டாக உடைந்தது. வழியிலிருந்த ஃபயர்வால் அந்தத் துண்டுகளை அனுமதிக்கவில்லை. பிங் பாக்கெட் சின்னது என்பதால் தப்பித்துப் போயிருக்கிறது. அதை நம்பி நான் இரண்டு நாள் வீணாக்கினேன், அதுதான் வருத்தம்.

எல்லா முனைகளிலும் 1420 வைத்தோம். கோப்பு நகலெடுப்பு போன்றவை பயன்படுத்தும் டிசிபி நெறிமுறைக்கு எம்எஸ்எஸ் (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவு) 1380 என்று கட்டுப்படுத்தினோம். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1392 பைட் பிங் அனுப்பினால் இப்போது பதில் வருகிறது, 1393 அனுப்பினால் வருவதில்லை. பிங்கின் தலைப்புகள் 28 பைட், 1392-உடன் சேர்த்தால் 1420, அதனால் சரியாக அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. இரண்டு கிளைகளின் உள் நெட்வொர்க்கிலும் ஒரே 192.168.1.0/24 முகவரித் தொகுதி (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்) இருந்தது, அதனால் ஒரு முகவரி எந்தக் கிளையுடையது என்று விபிஎன்-ஆல் பிரித்தறிய முடியாது. ஒன்றை மாற்றிவிட்டோம். புதிதாகக் கிளைகளை இணைப்பவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள், பின்னால் ஒவ்வொரு பிரிண்டராக மாற்றுவது பெரிய வேலை.