பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டியில் எல்இடி மாட்டினதும் ஃப்யூஸ் போகுது, வெளிச்சமும் மங்கல்

பிக்கப்_பெங்களூரு:
12 வோல்ட் பிக்கப். யஷ்வந்த்பூர் யார்டில் ராத்திரி லோடு இறக்க தொட்டியின் பின் மூலைகளில் 48 வாட் எல்இடி ரெண்டு மாட்டியிருக்கு. பாசிட்டிவை டெயில் லைட் வயரில் இருந்து எடுத்திருக்கு. நெகட்டிவை டெயில் லைட் எர்த்தோடு (வண்டி இரும்பு வழியா கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சேர்த்து தொட்டி போல்ட் ஒண்ணில் முறுக்கியிருக்கு. பார்க்கிங் சுவிட்ச் கை வைக்க முடியாத சூடு, 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகுது. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் கூடவே மினுக்குது. 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுக்கோங்கன்னு கடையில் சொல்றாங்க. போடலாமா?

ஜேசிரோடு_வயரிங்:
வேண்டாம் சார். ஃப்யூஸ் வயருக்குக் காவல். 20 போட்டா ஃப்யூஸ் நிக்கும், அதுக்குப் பதிலா சுவிட்சும் கம்பெனி வயரும் உருகும்.

கணக்கு இதுதான்: 96 வாட்டை 12ஆல வகுத்தா 8 ஆம்பியர். பார்க்கிங் பல்புகளே ஏற்கெனவே 2 ஆம்பியருக்கு மேல எடுக்குது. டெயில் லைட்டுக்குப் போற வயர் ஒல்லி. 0.75 ஸ்கொயர் (சதுர மிமீ தடிமன்) னு வச்சா 7 மீட்டர் நீளத்தில் 8 ஆம்பியருக்கு கிட்டத்தட்ட 1.5 வோல்ட் வழியிலேயே போயிடும். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் வயர்னா அரை வோல்ட்டுக்குள்ள நிக்கும்.

நாலு பின் ரிலே ஒண்ணு வாங்குங்க; சுவிட்சின் சின்ன கரண்ட்டில் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற பெட்டி அது. பேட்டரி பாசிட்டிவில் இருந்து 2.5 ஸ்கொயர் வயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியா 30ஆம் பின்னுக்கு. 87இல் இருந்து நேரா விளக்குக்கு. 85 எர்த், 86 சுவிட்சில் இருந்து. ரிலேக்குள்ள இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) 0.2 ஆம்பியர்கூட எடுக்காது, அதனால சுவிட்ச் வயர் 0.75 போதும். ஃப்யூஸ் பேட்டரியில் இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். அதுக்கு முன்னாடி இருக்கிற வயர் பாடியில் உரசினா தடுக்க எதுவும் கிடையாது. ஐந்து பின் ரிலே கொடுத்தா 87ஏ பின்னைச் சும்மா விடுங்க; அதில் மாட்டினா சுவிட்ச் ஆஃப்ல விளக்கு எரியும்.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா.

கறைபடிந்த_ஸ்பேனர்:
ரிலே சரி. ஆனா இண்டிகேட்டரோடு டெயில் லைட் மினுக்குதுன்னா எர்த் கோளாறு. ரிலே போட்டாலும் அது போகாது. பல பிக்கப்பில் தொட்டிக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவுல ரப்பரோ மரக்கட்டையோ இருக்கும். தொட்டி போல்ட் பாக்க இரும்பு, ஆனா பெயிண்ட்டும் துருவும் தாண்டி கரண்ட் சரியா திரும்பாது. திரும்ப வழி தேடி மத்த பல்புக்குள்ள நுழையும், அதான் மினுக்கல்.

விளக்கு எரியும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வச்சு, ஒரு முனை விளக்கின் நெகட்டிவில், இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ் முனையில். 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் மோசம். மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கக்கூடாது, இருந்தா பேட்டரி வோல்ட் பாக்கும்போது நேரடி ஷார்ட். கன்டினியூட்டி பீப் (இணைப்பு இருந்தா மீட்டர் போடுற சத்தம்) கேட்டு ஏமாறாதீங்க. ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் அது கத்தும், 8 ஆம்பியர் கேட்டாத்தான் உண்மை தெரியும்.

பிக்கப்_பெங்களூரு:
இஞ்சின் ஆஃப். பேட்டரியில் 12.5, விளக்கில் 10.4. எர்த் பக்கம் மட்டும் 1.3 வோல்ட்.

கறைபடிந்த_ஸ்பேனர்:
மொத்தம் 2.1 போகுது, அதில் பாதிக்கு மேல எர்த். பல எல்இடிகளின் உள் சர்க்யூட் வோல்ட் குறைஞ்சா கரண்ட்டை ஏத்திக்கும், உங்க ஃப்யூஸ் போறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். சேசிஸில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைச் சுற்றி பெயிண்டை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு வரை சுரண்டுங்க. ரிங் டெர்மினல், பல்லு வாஷர், 8 மிமீ போல்ட், இறுக்கினதுக்கு அப்புறம் மேல கிரீஸ். டெயில் லைட் எர்த்தைத் தனியா பிரிச்சிடுங்க. புது ஓட்டை போட்டே ஆகணும்னா சேசிஸ் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்தில், நடு உயரத்தில் மட்டும். மேல், கீழ் விளிம்பில் போட்டா விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கிரிம்ப்_குமாரு:
டெர்மினலை கட்டிங் பிளையரால் நசுக்காதீங்க. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ராட்செட் கிரிம்பர் (டெர்மினலை வயரில் அழுத்திப் பிடிக்க வைக்கிற கருவி) கிடைக்கும், முழுசா அழுத்தாம கைப்பிடி விடாது. டெர்மினலைக் கலர் பாத்து வாங்குங்க: நீலம் 1.5 முதல் 2.5 ஸ்கொயர், மஞ்சள் 4 முதல் 6. அழுத்தினதும் இழுத்துப் பாருங்க, வயர் வந்துட்டா அது ஜாயிண்ட்டே இல்ல. ஈயம் வச்சுப் பத்த வைக்க வேண்டாம்: ஈயம் ஏறின இடத்தில் வயர் விறைச்சு, அதிர்வில் அந்த எல்லையிலேயே முறியும். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகி அவிழும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போடுங்க.

வயரை சைலன்சர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் விடாதீங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேபிள் டை. தகட்டு ஓட்டையில் ரப்பர் கிரோமெட் (வயர் விளிம்பில் அறுபடாம காக்கிற வளையம்) கட்டாயம். விளக்குக்குப் போறதுக்கு முன்னாடி வயர் ஒரு தடவை கீழே தொங்கி மேலே ஏறட்டும், மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும்.

ஜேசிரோடு_வயரிங்:
சுவிட்சுக்கு கரண்ட் இக்னிஷனில் இருந்து எடுங்க, சாவி ஆஃப் பண்ணா விளக்கும் அணையும். இல்லேன்னா 8 ஆம்பியர், 8 மணி நேரம் மறந்துட்டா 64 ஆம்பியர் மணி. காலையில் தள்ள வேண்டியதுதான்.

கறைபடிந்த_ஸ்பேனர்:
லோடு இறக்கிற ரெண்டு மணி நேரமும் சாவி ஆன்ல கிடந்தா அதுவும் பேட்டரியைத்தான் தின்னும், வண்டியைக் கிளப்பிட்டுப் போக ஒருத்தன் போதும். என் ஓட்டு சுவிட்சுக்கு பேட்டரியில் இருந்தே நேரடி ஃபீட், சிவப்பு விளக்கு உள்ள சுவிட்ச், டிரைவர் கண்ணில் படுற இடத்தில். ஓடும்போது பின்னால வெள்ளை வெளிச்சம் எரியக்கூடாது, அதுக்கும் அந்தச் சிவப்பு உதவும்.

பிக்கப்_பெங்களூரு:
சேசிஸ் எர்த், ரிலே ரெண்டும் ஆச்சு. எர்த் பக்கம் 0.05, விளக்கில் 12.0. மினுக்கல் போச்சு. 24 வோல்ட் லாரிக்கும் இதே செட்டா?

ஜேசிரோடு_வயரிங்:
விளக்கில் 10-30 வோல்ட்னு போட்டிருந்தா அதே விளக்கு, கரண்ட் பாதி. ரிலே மட்டும் 24 வோல்ட் காயில் வாங்கணும். 12 வோல்ட் விளக்குக்காக ரெண்டு பேட்டரியில் ஒண்ணில் இருந்து மட்டும் எடுத்துடாதீங்க. ஒண்ணு பட்டினி கிடக்கும், இன்னொண்ணு ஓவர்சார்ஜ் ஆகும், கடைசியில் ஜோடியே போயிடும்.