கருவிலேயே தெரிந்த வாய்க்கட்டி: பிரசவத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி:
என் மனைவிக்கு இது 33ஆவது வாரம். குழந்தையின் மேல் ஈற்றிலிருந்து ஒரு கட்டி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகச் சென்ற வார ஸ்கேனில் சொன்னார்கள். 20ஆவது வாரத்தில் எதுவும் தெரியவில்லை. இது புற்றுநோயா, பிறந்தவுடன் குழந்தையால் மூச்சுவிட முடியுமா என்ற கவலையில் எங்களுக்கு உறக்கமே இல்லை.

மறுமொழி 1 (குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்):
ஐயா, இடத்தையும் காலத்தையும் பார்த்தால் இது பிறவி எபுலிஸாக, அதாவது பிறக்கும்போதே ஈற்றில் இருக்கும் கட்டியாக, இருக்க வாய்ப்பு அதிகம். 1871இல் மருத்துவர் நியூமன் விவரித்த இந்தக் கட்டி புற்றுநோய் அன்று. பிறந்தபின் வளர்வதில்லை, அகற்றினால் திரும்புவதுமில்லை. ஆனால் அண்ணத்திலிருந்து கிளம்பும் டெரட்டோமா (பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி) மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடும். ஆகவே, கட்டி ஈற்றோடு நிற்கிறதா, தொண்டைவரை இறங்குகிறதா என்பதை அறிய எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. பனிக்குட நீர் மிகுந்திருந்தால், குழந்தை விழுங்கச் சிரமப்படுகிறது என்று ஐயுற வேண்டும்.

கேட்டவர்:
நன்றி, டாக்டர். நீரின் அளவு சரியாகவே உள்ளது. ‘எக்ஸிட்’ என்றொரு முறையையும் குறிப்பிட்டார்கள், அது கட்டாயமா?

மறுமொழி 1:
இல்லை. சிசேரியனில் குழந்தையின் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, தொப்புள்கொடி வழியே ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதுதான் எக்ஸிட். அதற்காகக் கருப்பையை ஆழ்ந்த மயக்க மருந்தால் தளர்த்தி வைக்க வேண்டியிருப்பதால், தாய்க்கு ரத்தப்போக்கு மிகும் அபாயம் உண்டு. அடைப்பு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அந்த அபாயத்தை ஏற்பது நியாயம் என்பது என் கருத்து. மற்றவர்களுக்கு, பச்சிளங்குழந்தை மருத்துவரும் அறுவை மருத்துவரும் பிரசவ அறையிலேயே ஆயத்தமாக இருந்தால் போதும்.

மறுமொழி 2:
சகோதரரே, என் மகளுக்கும் எபுலிஸ் இருந்தது. வாயை மூட முடியாததால், தாய்ப்பாலைப் பீய்ச்சிக் குழாய் வழியே கொடுத்தோம். கட்டி மெல்லிய காம்பில் தொங்கியதால் மூன்றாம் நாளே எளிதாக அகற்றினார்கள்; மறுநாள் அவள் மார்பில் பால் குடித்தபோது நான் அழுதுவிட்டேன். பற்களும் குறையின்றி முளைத்தன. மிகச் சிறியதாக இருந்தால், தானே சுருங்கும் என்று காத்திருப்பதும் உண்டாம்.

ஒன்றை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: குறித்த நாளுக்கு முன்பே, நள்ளிரவில் வலி எடுத்தால், அந்த மருத்துவமனையில் குழந்தையின் மூச்சுப்பாதையைக் காக்கத் தெரிந்தவர் யார் இருப்பார்? தெளிவான பதில் கிடைக்காவிட்டால், 24 மணி நேரமும் அத்தகைய குழு உள்ள இடத்துக்கு இந்த வாரமே மாறிவிடுங்கள்.