ரூலிங் எல்டர்: 'ஆளும் மூப்பர்' வேண்டாமே

நண்பர்களே,

> ரூலிங் எல்டர் – ஆளும் மூப்பர்
> செஷன் – அமர்வு
> கிளார்க் ஆஃப் செஷன் – அமர்வு எழுத்தர்

பிரெஸ்பிட்டேரியன் சபைச் (பேராயர் இல்லாமல் போதகரும் மூப்பர்களும் சேர்ந்து நடத்தும் புராட்டஸ்டன்ட் சபை) சொற்களுக்கான நம் குழுவின் தமிழ்ப் பட்டியலில் இந்த மூன்றையும் நேற்று பார்த்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. 'ஆளும் மூப்பர்' என்றதும் எனக்கு ஆளுங்கட்சிதான் ஞாபகம் வருகிறது, அப்படியென்றால் எதிர்க்கட்சி மூப்பர் யார்? அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையின் (பிசியுஎஸ்ஏ) சட்டநூலே இந்தப் பெயருக்கு விளக்கம் தருகிறது. சபையை அதிகாரம் பண்ணுவதற்காக வந்த பெயர் இல்லையாம், சபை வேதத்துக்கு எந்த அளவு உண்மையாக நடக்கிறது என்று அளந்து பார்க்கச் சபையாரே தேர்ந்தெடுத்தவர்களாம். ஆக, இந்த 'ரூலர்' ராஜா இல்லை, ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் ஸ்கேல்.

'பொதுநிலை மூப்பர்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் ஒட்டாது. பொதுநிலையினர் என்பது குருப்பட்டம் பெறாதவர்களுக்குக் கத்தோலிக்கத் தமிழில் வழங்கும் சொல். இங்கே மூப்பருக்கும் தலையில் கைவைத்து ஜெபித்துத்தான் பொறுப்பு கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் என் தங்கை போகும் சபையில் நானே பார்த்தேன்: காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி முழங்காலில் நிற்க, எழுபது வயதுக்காரர்கள் சுற்றி நின்று, கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டுக்கொண்டு ஜெபித்தார்கள். அன்றிலிருந்து அவளும் மூப்பர். (வயதுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு அவ்வளவுதான்.) செஷனில், அதாவது சபையின் நிர்வாகக் குழுவில், ஒரு தவணை அதிகபட்சம் மூன்று வருஷம், தொடர்ந்து ஆறு வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் தவணை முடிந்தாலும் மூப்பர் மூப்பர்தான். ஸ்காட்லாந்துச் சபையில் பெண்கள் மூப்பராக 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அமெரிக்காவில் வட மாநிலச் சபை 1930லேயே அனுமதித்துவிட்டது.

சரி, பழைய தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால் கையிலேயே இருக்கிறது. 1 தீமோத்தேயு 5:17இல் 'நன்றாய் விசாரணைசெய்கிற மூப்பர்கள்'. போதிக்கிறவர், விசாரிக்கிறவர் என்று இரண்டு வகை மூப்பர் என்ற பிரிவுக்குப் பிரெஸ்பிட்டேரியன்கள் ஆதாரம் காட்டுவதே இந்த வசனத்தைத்தான். கோயில்களில் நிர்வாகம் பார்ப்பவரை 'விசாரணைக்கர்த்தா' என்கிறோமே, அந்தப் பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இன்றைக்கு 'விசாரணை மூப்பர் வீட்டுக்கு வந்தார்' என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அரை மனதோடுதான் விடுகிறேன்.

என் யோசனை 'சபை மூப்பர்'. அடைமொழியே எதற்கு என்று கேட்கலாம். போதகரும் ஒரு வகை மூப்பர்தான் என்பது இந்தச் சபையின் அடிப்படை, அதனால் வேறுபடுத்த ஒன்று வேண்டும்.

செஷனை 'அமர்வு' என்பது பெரிய தப்பு. அது ஒரு நாள் கூட்டம் இல்லை, போதகரும் மூப்பர்களும் சேர்ந்த நிலையான குழு. யாரைச் சபையில் சேர்ப்பது, திருவிருந்து எப்போது, காணிக்கைப் பணம் எதற்கு என்று முடிவெடுக்கிற இடம் அது. 'மூப்பர் மன்றம்' போதும். எழுத்தர் என்றால் தாலுகா ஆபீஸ் மேசைதான் கண்ணில் வருகிறது. இவரோ மூப்பர்களில் ஒருவர், குறிப்பேடும் அங்கத்தினர் பதிவேடும் இவர் பொறுப்பு. 'மன்றச் செயலர்' என்று போடலாம்.

மாட்டிக்கொண்டது மாடரேட்டரில். தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் 'பிரதமப் பேராயர்' என்கிறார்கள், அங்கே அவர் பேராயர், அதனால் சரி. பிரெஸ்பிட்டேரியனில் பேராயரே கிடையாது, கூட்டத்தை நடத்துகிறவர் மட்டும்தான். 'நெறியாளர்' என்றால் டிவி விவாதம், 'மட்டுறுத்துநர்' என்றால், அது தன் பட்டம் என்று நம் குழு நிர்வாகி கோபித்துக்கொள்வார். பட்டியலில் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.