ஸ்டீரியோ ரிமோட் வேலை செய்யல, அவசரம்!!

மாடிவீட்டுமணி: வணக்கம். ரிமோட் அமுக்கினா ஒண்ணும் நடக்கல. பேட்டரி மாத்தியாச்சு. ஞாயித்துக்கிழமை வீட்ல விசேஷம், சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

ஓம்ஸ்ரவி: எந்த ரிமோட் சார்? டிவிக்கா, ஆம்ப்ளிஃபயருக்கா?

பாஸ்பிரியன்: எச்டிஎம்ஐ ஏஆர்சி-ல (டிவி சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பற கேபிள் வழி) கனெக்ட் பண்ணிருக்கீங்களா? டிவி மெனுவுல சிஇசி (ஒரே ரிமோட்ல ரெண்டையும் இயக்கற வசதி) ஆஃப் ஆயிருக்கும். ஆன் பண்ணுங்க, சரியாயிடும்.

மாடிவீட்டுமணி: ஆம்ப் ரிமோட்ங்க. டிவியே கனெக்ட் பண்ணல, சிடியும் எஃப்எம்மும்தான். சில நேரம் ரொம்ப கிட்ட போனா வேலை செய்யுது.

பாஸ்பிரியன்: இதை முதல்லயே சொல்லக் கூடாதா :)

பழையவால்வு (மூத்த உறுப்பினர்): மாடல், தூரம், என்ன பேட்டரி, எதுவும் இல்லாமல் கேள்வி. நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? போன் கேமராவை ஆன் செய்து ரிமோட் முனையைப் பாருங்கள். பட்டனை அமுக்கும்போது ஊதாவாக மின்ன வேண்டும். பல போன்களில் பின் கேமராவில் அகச்சிவப்பை, அதாவது ரிமோட் விடும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை, வடிகட்டிவிடுவார்கள், முன் கேமராவில் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம்.

மாடிவீட்டுமணி: பளிச்னு மின்னுது. சார்ஜ் பண்ற பேட்டரிதான் போட்டிருக்கேன்.

பழையவால்வு (மூத்த உறுப்பினர்): அதுதான் கோளாறு. அது 1.2 வோல்ட். ரெண்டு சேர்த்து 2.4. ரிமோட்டுக்கு 3 வேண்டும்.

ஓம்ஸ்ரவி: ஐயா, ஆல்கலைன் பேட்டரியும் பாதி தீர்ந்தா கிட்டத்தட்ட 1.2-க்கு வந்துடும். அப்பவும் ரிமோட் ஓடுதே? எங்க வீட்ல எல்லா ரிமோட்லயும் சார்ஜ் பேட்டரிதான்.

பழையவால்வு (மூத்த உறுப்பினர்): உங்கள் வீட்டில் ஓடுவதெல்லாம் சட்டமா?

ஓம்ஸ்ரவி: மீட்டர் வெச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

பாஸ்பிரியன்: ஆம்ப்ல ரிமோட் வெளிச்சத்தை வாங்கற சென்சார் போயிருக்கும். மூணு கால் வெச்ச குட்டி பாகம், கடைக்காரரே மாத்திக் குடுப்பார்.

கலா_திருச்சி: சென்சார் செத்திருந்தா கிட்டப் போனாலும் வேலை செய்யாதே. மணி அண்ணா, பகல்ல எப்படி? ஆம்ப் பக்கத்துல புதுசா ஏதாவது லைட் மாட்டினீங்களா?

மாடிவீட்டுமணி: பகல்ல நல்லாத்தான் இருக்கு. ஷோகேஸ்ல சும்மா கிடந்த சிஎஃப்எல் பல்பு ஒண்ணு மாட்டினேன். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

கலா_திருச்சி: இருக்கு அண்ணா. ரிமோட் வெளிச்சம் விநாடிக்கு சுமார் 38,000 தடவை மினுக்கும், பெரும்பாலான செட்ல அதுதான் கணக்கு. சென்சார் அந்த வேகத்துல மினுக்கறதை மட்டும் எடுத்துக்கும். சிஎஃப்எல்லுக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக் சோக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்துல பல்பை மினுக்க வைக்கும், அதுல கொஞ்சம் அகச்சிவப்பும் வரும். அந்த இரைச்சல்ல சென்சார் தன் காதைப் பாதி மூடிக்கும். அதான் கிட்டப் போனா மட்டும் கேக்குது. பல்பை அணைச்சுட்டு சோஃபாவுல இருந்து அமுக்கிப் பாருங்க.

பழையவால்வு (மூத்த உறுப்பினர்): முதலில் பேட்டரியை மாற்றட்டும்.

ஓம்ஸ்ரவி: மறுபடியும் பேட்டரியா!

மாடிவீட்டுமணி: பல்பை அணைச்சா வேலை செய்யுது. அதே பேட்டரிதான். நன்றி.

கலா_திருச்சி: சந்தோஷம் அண்ணா. அந்த இடத்துல நல்ல எல்இடி பல்பு போட்டுக்கோங்க. இல்லைன்னா சென்சார் மேல வெளிச்சம் விழாத மாதிரி ஆம்ப்பைத் தள்ளி வையுங்க.

பழையவால்வு (மூத்த உறுப்பினர்): வெளிச்சம்தான் காரணம் என்று நான் அப்போதே நினைத்தேன்.

ஓம்ஸ்ரவி: எப்போ ஐயா? எத்தனாவது பதிவுல?