25ஆ 30ஆ? கொடை விழா எல்இடி சுவரில் எழுத்து திக்குவது யாரால்?

வண்ணார்பேட்டை_வால்:
சென்னை வீடியோ எடிட்டர் ஒருவர் எங்கேயோ எழுதியதை ஒரு புண்ணியவான் எனக்கு அனுப்பியிருக்கிறார். அதன் சாரம்: "திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் எல்இடி சுவரில் ஓட்டுகிற டைட்டில் எல்லாம் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. அங்கே எல்லாரும் நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம், என்ற கணக்கில் செய்கிறார்கள். இந்தியாவுக்கு 25தான் என்பதே அவர்களுக்குத் தெரியாது."

ஐயா, உமக்கு நம்ம ஊர்க் கொடையில் என்ன சோலி? லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் போவது 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை படம். சுவரை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டியும் 60ல்தான் இருக்கும். 30 பிரேமில் செய்தால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு தடவை தெரியும். 25ல் செய்தால் 60ஐ எப்படிப் பங்கு வைப்பீர்? ஒரு பிரேம் 2 தடவை, அடுத்தது 3, அப்புறம் 2, 3, 2 என்று நொண்டி நொண்டிப் போகும். திக்குவது உம்ம 25. எங்க 30 இல்லை.

பாளை_அண்ணாச்சி:
தம்பி, கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் பாடம் படி. நம்ம நாட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதை வைத்துத்தான் டிவிக்கு நொடிக்கு 50 பீல்டு (ஒரு வரி விட்டு ஒரு வரி வரைகிற அரைப் படம்), இரண்டு பீல்டு சேர்ந்து ஒரு பிரேம் என்று 25 பிரேம், பிரேமுக்கு 625 வரி என்று வகுத்தார்கள். 30 என்பது 60 ஹெர்ட்ஸ் கரண்டு ஓடுகிற அமெரிக்காவின் கணக்கு. சுடலைமாடன் கோயில் கொடைக்கு அமெரிக்கக் கணக்கு எதற்கு?

நான் டேப்பில் வெட்டி ஒட்டிய ஆள். கேரக்டர் ஜெனரேட்டர் என்கிற டைட்டில் மெஷினில் ஒவ்வொரு எழுத்தாக அடித்து, பேர் மேலே ஏறும்போது பீல்டுக்கு இரண்டு வரி, நான்கு வரி என்று இரட்டைப்படையில் ஏற்றினவன். ஒரு வரி வீதம் ஏற்றினால் எழுத்தில் பாதி வரி கண்ணுக்கே தெரியாமல் போகும். இதெல்லாம் உங்க யூடியூப் வாத்தியார் சொல்லித் தந்தாரா? 25தான்.

தென்காசி_சாரல்:
ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பேசுவது டிவிக்குப் போகிற டைட்டிலா, சுவரில் ஓடுகிற டைட்டிலா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் எங்களுக்கும் புரியும்.

வண்ணார்பேட்டை_வால்:
அண்ணாச்சி, கரண்டு 50 என்பதால் லேப்டாப் 50ல் ஓடுமா? உங்க வீட்டு மானிட்டரில் செட்டிங்கைத் திறந்து பாருங்கள், 60 என்று போட்டிருக்கும். கரண்டுக் கதை எல்லாம் பழைய பெட்டி டிவியோடு போயாச்சு. 2, 3, 2, 3, 2. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பாளை_அண்ணாச்சி:
பழைய கதையா? மண்டபத்துச் சீரியல் பல்பும் மலிவு டியூப்பும் 50 ஹெர்ட்ஸில்தான் எரிகிறது. கேமராவை 30ல் வைத்து ஷட்டரை நொடியில் 60ல் ஒன்று என்று வை, பின்னால் வெளிச்சம் அலை அடிக்கும். 50ல் ஒன்று வை, அடங்கும். ஆக, கேமரா 25. கேமரா 25 என்றால் டைட்டிலும் 25. இதில் என்ன விவாதம்?

மேலப்பாளையம்_மிக்சர்:
அண்ணாச்சி சொல்வதுதான் சரி. நான் கேமராவையும் லேப்டாப்பையும் மாற்றி மாற்றித் திரைக்கு விடுகிற ஸ்விட்ச்சரில் உட்காருகிறவன். எங்களிடம் எல்லாமே 1080பி50, அதாவது நொடிக்கு 50 பிரேம். லேப்டாப்காரர் 60ஐக் கொண்டுவந்து சொருகினால் ஸ்விட்ச்சர் அதை 50 ஆக மாற்றும்போது நொடிக்கு 10 பிரேமைத் தூக்கிப் போட்டுவிடும். அங்கேதான் எழுத்து குதிக்கிறது. லேப்டாப் அவுட்புட்டை 50க்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே 50.

பாளை_அண்ணாச்சி:
50 இல்லை. 25.

மேலப்பாளையம்_மிக்சர்:
அண்ணாச்சி, நான் உங்க பக்கம்தான் பேசுகிறேன். 25ல் செய்தது 50ல் ஓடினால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு தடவை.

பாளை_அண்ணாச்சி:
என் பக்கம் பேசுவது என்றால் 25 என்று சொல்லணும். 50 என்பது பீல்டு. பீல்டையும் பிரேமையும் குழப்புகிற ஆள் என் பக்கம் நிற்க வேண்டாம்.

மேலப்பாளையம்_மிக்சர்:
1080பி50ல் பீல்டே கிடையாது. முழு பிரேம் 50. "பி" எதற்குப் போட்டிருக்கிறது என்று நினைத்தீர்கள், பாளையங்கோட்டைக்கா?

டவுன்_கீபிரேம்:
பிரேமைக் கொஞ்ச நேரம் விடுங்கள். சுவரில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? பி3.9 பேனல் (புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர்) அரை மீட்டர்ச் சதுரம், ஒரு பக்கத்துக்கு 128 புள்ளி. எட்டுக்கு ஐந்து அடுக்கினால் மொத்தம் 1024க்கு 640தான். இவர்கள் 1920க்கு 1080ல் மெல்லிய எழுத்தில் டைட்டில் செய்து அப்படியே சுருக்கி அனுப்புகிறார்கள். "ஸ்ரீ"யின் வளைவும் "ஞ"வின் சுழியும் ஒன்றாய் ஒட்டிக் கட்டெறும்பு மாதிரி நிற்கின்றன. வெள்ளைப் பின்னணி வேறு. முன் வரிசைப் பாட்டிமார் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு வில்லுப்பாட்டுக் கேட்கிறார்கள்.

எழுத்தை முதலில் தடியாக்குங்கள். திக்குவது அப்புறம்.

வண்ணார்பேட்டை_வால்:
அக்கா, அதெல்லாம் சரி. ஆனால் 30தானே?

டவுன்_கீபிரேம்:
உங்க வேலையைப் பற்றியே பேசுவோமா தம்பி? ஒரு கொடையில் "கொடை விழா" என்று எழுத்து எழுத்தாகப் பறந்து வருகிற மாதிரி போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பாமினி வகை எழுத்துரு. அதில் ஒற்றைக்கொம்பு தனி, "க" தனி, கால் தனி. ஆப்டர் எஃபெக்ட்ஸ் என்கிற டைட்டில் மென்பொருளுக்கு அது மூன்று எழுத்து. நீங்கள் எழுத்து தாறுமாறான வரிசையில் வருகிற ரேண்டம் ஆர்டரைத் தட்டிவிட்டீர்கள். கொம்பு கடைசியில் வந்து சேர்ந்தது. அதுவரை சுவரில் நின்றது "அம்மன் கோயில் காடை விழா". வரி கொடுத்த ஊர்க்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

சும்மா_பார்ப்பவன்:
காடை விழாவா! சாப்பாடு உண்டா?

வண்ணார்பேட்டை_வால்:
அது அரை நொடி. அந்த அரை நொடியில் யார் படித்தார்கள்? எழுத்துரு கொடுத்தது விழாக் கமிட்டி. 30 பிரேமில் ஓடியதால்தான் அரை நொடியில் முடிந்தது.

டவுன்_கீபிரேம்:
30ஆக இருந்தாலும் 25ஆக இருந்தாலும் அரை நொடி அரை நொடிதான்.

பாளை_அண்ணாச்சி:
தாயி நல்லாச் சொன்னாய். 25ல் செய்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

டவுன்_கீபிரேம்:
அண்ணாச்சி, நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பாளை_அண்ணாச்சி:
நீங்கள் எல்லாம் டெம்ப்ளேட் பிள்ளைகள். வாங்குகிறது, பேரை மாற்றுகிறது, ரெண்டர் போடுகிறது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தின் குறுக்கே டெம்ப்ளேட் கம்பெனியின் வாட்டர்மார்க் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். பொண்ணு வீட்டார் அது மாப்பிள்ளையின் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். யார் செய்தது என்று பேர் சொல்ல மாட்டேன், இந்தத் திரியில்தான் இருக்கிறார்.

தூர்தர்ஷனின் கண் லோகோ ஞாபகம் இருக்கிறதா? அகமதாபாத் என்ஐடி டிசைன் கல்லூரியில் படித்த தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்தது. 1976ல் தூர்தர்ஷன் வானொலியை விட்டுப் பிரிந்தபோது வந்தது. கம்ப்யூட்டர் கிடையாது. வரைந்த படத்தை நகல் எடுத்து, கேமராவுக்குக் கீழே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் பிடித்தார்கள். ரவிசங்கரின் இசையோடு அது சுழன்று வந்து கண்ணாக நிற்கும்போது தெரு அடங்கும். மோஷன் கிராபிக்ஸ் என்றால் அது. அதுவும் 25ல்தான் ஓடியது.

தாழையூத்து_தனிமரம்:
டைட்டில் என்பது டிசைன், கணக்குப் புத்தகம் இல்லை. 1955ல் சால் பாஸ் என்கிற அமெரிக்க டிசைனர் கறுப்புத் தாளை வெட்டினது மாதிரி ஒரு கையை வைத்தே ஒரு படத்துக்கு டைட்டில் செய்தார். அதுவரை டைட்டில் ஓடும்போது திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்களாம். அந்தப் படத்துக்கு, திரையை விலக்கிவிட்டு டைட்டிலை ஓட்டுங்கள் என்று ஆப்பரேட்டருக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். ஏன், நம்ம 1992 "அண்ணாமலை"யில் புள்ளி புள்ளியாய் "சூப்பர் ஸ்டார்" வந்ததே, எத்தனை பிரேம் என்று எண்ணிக்கொண்டா தியேட்டரில் விசில் அடித்தோம்?

பாளை_அண்ணாச்சி:
அது சினிமா. 24.

வண்ணார்பேட்டை_வால்:
ஆங்! அப்போ இந்தியாவுக்கு 25 இல்லை. அண்ணாச்சி வாயாலேயே வந்துவிட்டது. எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாளை_அண்ணாச்சி:
ஏலே, 24ல் எடுத்த படத்தை நம்ம டிவியில் போடும்போது 25ல் ஓட்டித்தான் போடுவார்கள். 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் ஒரு இழை ஏறும். அதுவும் கடைசியில் 25க்குத்தான் வந்து சேருகிறது. எல்லாம் 25க்கு வந்து சேரும், நீயும் வருவாய்.

சும்மா_பார்ப்பவன்:
எனக்கு ஒரு சந்தேகம். வாடகைக்குச் சுவர் கொடுப்பவர் 3840 ஹெர்ட்ஸ் என்கிறார். அப்புறம் 25ஓ 30ஓ எதற்கு? 3840ல் செய்துவிட வேண்டியதுதானே?

மேலப்பாளையம்_மிக்சர்:
அது எல்இடி விளக்கு எரிந்து அணைகிற வேகம். கேமராவில் பார்த்தால் கறுப்புக் கோடு விழாமல் இருப்பதற்கு. படத்தின் பிரேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சும்மா_பார்ப்பவன்:
3840ஐ 25ஆல் வகுத்தால் மீதி வருகிறது. 30ஆல் வகுத்தால் 128, மீதி இல்லை. வால் தம்பி ஜெயித்துவிட்டார்.

வண்ணார்பேட்டை_வால்:
பார்த்தீர்களா அண்ணாச்சி! கணக்கே சொல்கிறது.

மேலப்பாளையம்_மிக்சர்:
கோட்டி பிடித்துவிடும் எனக்கு.

தென்காசி_சாரல்:
மறுபடியும் கேட்கிறேன். கேமராக் காட்சியும் டைட்டிலும் ஒரே சுவரில் மாறி மாறி வருகிறதா? வந்தால் கேமரா, ஸ்விட்ச்சர், லேப்டாப், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் 50ல் கட்டுங்கள், டைட்டிலை 25லோ 50லோ செய்யுங்கள். கேமராவே இல்லாமல் லேப்டாப் மட்டும் என்றால் 60ல் விட்டு 30ல் செய்யுங்கள். இரண்டு பேரும் இரண்டு வேறு விழாவைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பாளை_அண்ணாச்சி:
தென்காசி தனி மாவட்டம் ஆகி 2019லேயே போயாச்சு. உங்க ஊர்க் கணக்கை உங்க ஊரில் வையுங்கள்.

தென்காசி_சாரல்:
குற்றாலத்தில் குளிக்க மட்டும் எங்க ஊர் வேண்டுமோ?

வண்ணார்பேட்டை_வால்:
அண்ணாச்சி பேச்சை மாற்றுகிறார். 2, 3, 2, 3, 2. நாலு தடவை கேட்டாச்சு. அது போகட்டும், ஆனித் தேர் நேரலையில் லோகோவைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி நின்றதே, அது யார் கைவண்ணம்? எச்.264 எம்பி4 ஃபைலில் ஆல்பா (பின்னணி ஊடுருவித் தெரியவைக்கிற தகவல்) நிற்காது, அது நிற்கிற புரோரெஸ் 4444 ஃபைலாக எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்புகிறது, கோபுரத்தை உங்க கறுப்புப் பெட்டி மறைக்கிறது. அந்தப் பெட்டிகூட 25 பிரேமில் அழகாக நின்றது அண்ணாச்சி. ஆடவே இல்லை.

பாளை_அண்ணாச்சி:
நீ விற்ற லோயர் தேர்ட், அதுதான் திரைக்கு அடியில் பேர் போடுகிற பட்டை, யாருடையது என்று முதலில் சொல்லு. என் டைட்டில் ஃபைலைத் திறந்து, நிறத்தைப் பச்சையிலிருந்து நீலமாக்கி, உன் பேரில் மூன்று கோயிலுக்கு விற்றாய். லேயர் பேரைக்கூட மாற்றவில்லை, "அண்ணாச்சி பட்டை 2" என்றே இருந்தது. ஆல்பா பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான்!

டவுன்_கீபிரேம்:
"அண்ணாச்சி பட்டை 2" என்னிடமும் இருக்கிறது. அது ஒரு ரஷ்ய டெம்ப்ளேட். உள்ளே இன்னும் இரண்டு லேயர் ரஷ்ய எழுத்தில் இருக்கிறது அண்ணாச்சி.

சும்மா_பார்ப்பவன்:
😂😂

பாளை_அண்ணாச்சி:
தாயி, உனக்கு வயசு பத்தாது. அப்புறம் பேசுவோம். வால் தம்பிக்குச் சொல்கிறேன்: ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் சங்கரன்கோவில் வருகிறேன். ஒரே சுவர், ஒரே டைட்டில். என் 25, உன் 30. ஜனங்கள் பார்த்துச் சொல்லட்டும்.

தென்காசி_சாரல்:
சங்கரன்கோவில் எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இப்போதுதான் எங்க கணக்கு வேண்டாம் என்றீர்கள்.

மேலப்பாளையம்_மிக்சர்:
ஸ்விட்ச்சர் என்னுடையது. நான் 50ல்தான் வைப்பேன்.

பாளை_அண்ணாச்சி:
25.

வண்ணார்பேட்டை_வால்:
தாராளமாக வாருங்கள் அண்ணாச்சி. எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். போன தபசுக்கு என்னிடம் வாங்கிப்போன பதினைந்து மீட்டர் கேபிள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

பாளை_அண்ணாச்சி:
அது பத்து மீட்டர். அதிலும் ஒரு முனை வேலை செய்யவில்லை.