கொழுந்து பறிக்கிற அக்காமார் எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க, என்ன செய்ய?

ஊவா மாணவி:
இறுதியாண்டு ஆய்வு. இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்க டூரிஸ்ட்காரங்களை எப்படிப் பார்க்கிறாங்க என்பதுதான் தலைப்பு. தோட்ட ஆபிஸ் எட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தந்துச்சு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்திலேயே நேர்காணல். எட்டுப் பேரும் "அவங்க வர்றது நல்லதுதாங்க" என்று பத்து நிமிஷத்தில் முடிச்சிட்டாங்க. இன்னும் எத்தனை பேர் வேணும்? பேசாமல் கேள்விக்கொத்துக்கு மாறிடவா?

மலைச்சாரல்:
கேள்விக்கொத்திலும் அதே "நல்லது"தான் வரும், டிக் அடிச்சு வரும். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்கத்தான் வேணும். ஆனால் ஆளையும் ஆபிஸே பொறுக்கித் தந்து, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை காதில் விழுகிற தூரத்தில் உட்கார வைத்தால் யார் வாய் திறப்பாங்க? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவங்க குடியிருக்கிற லயத்துக்குப் போங்க. வேலை நாளில் கொழுந்தை எடை போட்டுட்டு வந்ததும் சமையல், தண்ணி, பிள்ளைகள் என்று அவங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. கோயில் கமிட்டி, முன்பள்ளி ஆசிரியை, மரண உதவிச் சங்கம் என்று இரண்டு மூன்று வழியாக ஆளைப் பிடிங்க. ஒரே வழியென்றால் ஒரே சொந்தக்காரக் கூட்டத்துக்குள்ளேயே சுத்துவீங்க.

கேள்வியும் மாறணும். அபிப்பிராயம் கேட்காதீங்க, நடந்ததைக் கேளுங்க: "கடைசியா உங்களைப் போட்டோ எடுத்தது எப்போ? கேட்டுட்டு எடுத்தாங்களா? காசு தந்தாங்களா, யார் கையில்?" மலையில் டூரிஸ்ட்காரங்க எடுக்கிற மாதிரிப் படம் ஐந்தாறு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தால் பேச்சு தானா வரும். அதே தோட்டத்து ஆட்களின் முகம் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

பழைய எட்டையும் வீசிடாதீங்க. எங்கே உட்கார்ந்தாங்க, யார் பக்கத்தில் நின்றாங்க என்று இன்றைக்கே எழுதி வைங்க. அதுவும் தரவுதான்.

பதுளைவாசி:
எண்ணிக்கைக்கு எல்லாரும் 12 நேர்காணல் என்பாங்க, அதுக்கு மேலே புதுசா அதிகம் வராது என்று. 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் கானா, நைஜீரியாவில் எடுத்த 60 நேர்காணல்களை வைத்துச் சொன்னது அது. ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், எல்லாருக்கும் ஒரே கேள்விகள் என்றால்தான் பொருந்தும். கெஸ்ட்ஹவுஸ்காரர், கைடு, ஆட்டோக்காரர் என்று சேர்த்தால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியா எண்ணணும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் போகும், அதையும் கணக்கில் எடுங்க.

பதில்களைக் கருத்துவாரியாகப் பிரித்துக் குறியீடு போடுவதைத் தமிழிலேயே செய்யுங்க. "வெக்கமா இருக்கும்" என்று ஒருத்தர் சொன்னால் அது கூச்சமா அவமானமா என்பது முன்பின் வரியில்தான் தெரியும். முதலிலேயே இங்கிலீஷுக்கு மாற்றினால் அந்த வித்தியாசம் போயிடும். கட்டுரையில் போடுகிற மேற்கோளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

ஊவா மாணவி:
நன்றி. சம்மதப் படிவத்தை நீட்டினாலே பயப்படுறாங்களே?

மலைச்சாரல்:
கையெழுத்து என்றால் ஆபிஸ் விஷயம் என்று நினைப்பாங்க. வாய்மொழிச் சம்மதத்துக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி எடுங்க. பெயர் சொல்லாமல் "சம்மதம்" என்று பதிவில் சொன்னால் போதும்.