ஹிஸ்டோகிராம் மதில் சுவர் மாதிரி வருகிறது, உதவுங்களேன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மொரீசியஸிலிருந்து எழுதுகிறேன். போர்ட் லூயி, வாக்வா இரண்டு ஊர்களின் தினசரி மழையளவை ஆர் என்ற நிரல்மொழியில் ஹிஸ்டோகிராமாக (எந்த அளவு மழை எத்தனை நாள் பெய்தது என்று காட்டும் கட்ட வரைபடமாக) போடுகிறேன். அதில் படம் வரையும் ஜிஜிபிளாட் தொகுப்பு தானாகவே 30 கட்டங்களாகப் பிரித்தது. எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. அதைவிடக் கூத்து, முதல் கட்டம் பூஜ்யத்துக்கு இடப்பக்கமும் நீண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "மழை மைனஸிலும் பெய்யுமா?" என்றார்.

பின்விட்த் (கட்டத்தின் அகலம்) 5 மில்லிமீட்டர், பவுண்டரி (கட்டத்தின் எல்லை விழும் இடம்) 0, விளிம்புக்கு வெள்ளை நிறம் என்று கொடுத்ததும் அது சரியாகிவிட்டது.

மாட்டிக்கொண்டது இங்கேதான். மழையே இல்லாத நாட்கள் ஏராளம். முதல் கட்டம் பனைமரமாய் உயர, மற்றவை புல்லாகத் தரையோடு கிடக்கின்றன. ஒய் அச்சை லாக் (மடக்கை) அளவுகோல் ஆக்கினால் உயரங்களை ஒப்பிட முடியவில்லை. பூஜ்ய நாட்களை எடுத்துவிட்டு, அவை எத்தனை என்று தலைப்புக்குக் கீழே எழுதினால் போதுமா? இல்லை, அது கண்கட்டு வேலையா?

இன்னொன்று. மேட்டு நிலத்து வாக்வாவில் மழை அதிகம், துறைமுகமான போர்ட் லூயியில் குறைவு. இரண்டையும் ஆல்பா (ஊடுருவித் தெரியும் தன்மை) கொடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் மூன்றாவதாக ஒரு நிறம் முளைக்கிறது. ஃபேசெட்டில், அதாவது தனித்தனிப் படங்களாக, மேலும் கீழுமாக வைப்பதே மேல் என்று படுகிறது. ஆனால் வாக்வாவுக்கு என்னிடம் கூடுதல் நாட்களின் பதிவு இருக்கிறது. எண்ணிக்கைக்குப் பதில் டென்சிட்டி (கட்டங்களின் மொத்தப் பரப்பு 1 ஆகும்படி அளவிட்ட உயரம்) போடட்டுமா? இரண்டு வரி நிரல் தந்தாலும் போதும்.